மங்கையர்க்கரசியின் காலை நடை

நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த இருக்கை என் நாத்தனாருடையது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்களாகக் கேட்டு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள்தான் எழுந்து போய் உங்களிடம் கேட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டு, நால்வர் வரிசையின் நடுவில், முன்பின் தெரியாத இருவருக்கிடையே இடுங்கி உட்காரும் இருக்கையை விரும்பிக் கேட்டு வாங்கிய ஒரு பயணியை நீங்கள் இதற்கு முன் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். என்ன காரணம் சொன்னாள்?

முழங்கால் வலி. சரி. அவளுக்கு முழங்கால் வலி கிடையாது. எனக்குத்தான் உண்டு.

அவளை உங்களுக்கு முன்பே பழக்கமில்லை அல்லவா? கேட்பதில் தவறில்லையே. ரோமில் ஏறியிருக்கிறீர்கள், தமிழில் பேசுகிறீர்கள், அவள் நேராக உங்களிடம் வருகிறாள். இந்த விமானத்தில் இருநூறு பேர் இருக்கிறார்கள். பழக்கமில்லை என்றால் நம்புகிறேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியதற்கு நன்றி. பகல் நேரம்தான், தூக்கமும் வரப்போவதில்லை.

என் பெயர் ஆவுடைநாயகி. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள். அவள் மங்கையர்க்கரசி, என் கணவரின் தங்கை, என்னைவிட ஐந்து வயது இளையவள். என் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவள் கணவர் மின்வாரியத்தில் இருந்தவர், அவர் போய் ஆறு ஆண்டுகள். எனக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு ஒரு மகன், புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் மட்டும் இருக்கிறான். இரண்டு பெண்கள், இரண்டு தெருக்கள், இரண்டு பூட்டுகள். ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். தென்காசிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், வயதானவர்களுக்கென்று வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. விண்ணப்பத்தில் இருவர் கையெழுத்திட வேண்டும். என் கையெழுத்து ஜனவரியிலேயே போட்டாயிற்று. அவளுடையது இன்னும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

இந்த ஐரோப்பியப் பயணமே அதற்கான ஒத்திகைதான். எந்த முடிவையும் சோதித்துப் பாராமல் ஏற்பது என் வழக்கமல்ல. பதினான்கு நாள் ஒரே அறையில் தங்குவோம், ஒன்றாக உண்போம், அதன்பின் ஊர் திரும்பும்போது படிவம் நிறைந்திருக்கும் என்று கணித்தேன். படிவத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஏதாவது ஓர் அழகான இடத்தில் அவள் கையெழுத்திட்டால் நினைவில் நிற்கும் என்று எண்ணினேன். எனக்கும் அப்படியெல்லாம் தோன்றும், பாருங்கள். பாரிசில் அந்த இரும்புக் கோபுரத்தின் இரண்டாம் தளத்தில் எடுத்து நீட்டினேன். "காத்து அடிக்கு மதினி, தாளு பறந்திரும்" என்றாள். சுவிட்சர்லாந்தில், லூசர்ன் ஏரியில் படகில் நீட்டினேன். தலை சுற்றுவதாகச் சொன்னாள். பனிமலையின் உச்சியில் நீட்டினேன். பேனா உறைந்துவிட்டது. அதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, உண்மையிலேயே உறைந்துவிட்டது. ஆனால் அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதியைக் கண்டேன். அங்கிருந்துதான் என் சந்தேகம் தொடங்குகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நாங்கள் சைவம். சைவம் என்றால் வெறும் இலை தழை என்று நினைக்கும் கண்டம் அது. தயிரில் விலங்கின் எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. பாலாடைக்கட்டிக்காகப் பாலைத் திரிய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. ரொட்டி மாவை இளக்குவதற்குப் பறவை இறகிலிருந்து பிரித்த அமினோ அமிலம். சிவப்பு மிட்டாயில் பூச்சியை அரைத்த சாயம். இவையெல்லாம் உறையின் பின்புறம், எறும்பு எழுத்தில், சேர்க்கைப் பொருள்களின் குறியீட்டு எண்களாக ஒளிந்திருக்கின்றன. எண்ணைக் கண்டால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகவே ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு குறிப்பேடும் எடுத்துச் சென்றிருந்தேன்.

எங்கள் குழுவில் நாற்பது பேர். முதல் இரண்டு நாள் எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள். "டீச்சர், இதத் தின்னலாமா?" என்று ஆளுக்கொரு பொட்டலம். முப்பத்தாறு பொருள்களைப் பரிசோதித்தேன், முப்பத்தொன்றை விலக்கினேன். மூன்றாம் நாளிலிருந்து யாரும் வரவில்லை. தாங்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள் போலும். நான் காலை உணவுக் கூடத்தில் நுழைந்தால் அவசரமாக எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தட்டைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படித்தவர்களிடம் நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் மரியாதை அயல்நாட்டிலும் குறைவதில்லை.

இரவு உணவு பயண நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வோர் ஊரிலும் ஓர் இந்திய உணவகம், ஒவ்வோர் உணவகத்திலும் அதே பன்னீர், அதே மஞ்சள் பருப்பு, அதே உருளைக்கிழங்கு. பாரிசில் உண்ட குழம்பின் உப்பும் லூசர்னில் உண்டதன் உப்பும் இம்மியளவும் மாறவில்லை. ஒரே பாத்திரம் எங்களுக்கு முன்னால் வேறொரு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறதோ என்று ஐயப்பட்டு, பயண மேலாளர் ஸ்டீபனிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் சிரித்தார். சிரிப்பு பதிலாகாது என்றேன்.

காலை உணவை மட்டும் நானே கவனித்துக்கொண்டேன். ஓட்டல் மேசையில் மங்கையின் தட்டை நான்தான் நிரப்புவேன்: ஒரு வாழைப்பழம், ஓர் ஆப்பிள். பிறகு அறைக்கு வந்து என் சிறிய மின்சார அடுப்பில் ரவை உப்புமா. பாரிசில் முதல் நாள் காலை கடுகு தாளித்தேன். கூரையில் இருந்த ஒரு கருவி அலறத் தொடங்கியது. அடுக்குமாடி முழுவதும் அலறியது. ஏழு மாடிக்காரர்களும் இரவு உடையோடு நடைபாதையில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. கடுகுப் புகைக்கும் தீப்புகைக்கும் வேறுபாடு அறியாத ஒரு கருவியை வைத்திருப்பது அவர்கள் பிழை. அதை அந்த அதிகாரியிடம் ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னேன். மங்கை என்ன செய்தாள் தெரியுமா? அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பினாள். "மன்னிச்சுக்கிடுங்க, மன்னிச்சுக்கிடுங்க" என்று தமிழில். ஒரு ஜப்பானியக் கிழவர் பதிலுக்கு இடுப்பை வளைத்துக் கும்பிட, இவள் மறுபடி கும்பிட, அது முடியவே இல்லை. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று அவளைக் கேட்டேன். அறைக்கு வந்து உப்புமாவை மட்டும் முழுவதும் சாப்பிட்டாள்.

நீங்கள் எழுந்திருக்க முயல்கிறீர்களோ? கழிவறையா? அங்கே வரிசை நிற்கிறது, பாருங்கள். குறையட்டும்.

லூசர்னில்தான் அவள் காலை நடை தொடங்கினாள். "செத்த நடந்துட்டு வாரேன் மதினி" என்றாள். ஊரில் வீட்டிலிருந்து தெருமுனைக் கோவிலுக்கு ஆட்டோ பிடிக்கிறவள். ஆறரை மணிக்கு, மூக்கு உறையும் குளிரில், நடை. ஏழே காலுக்குத் திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. உப்புமாவில் நான்கு கரண்டி எடுப்பவள் ஒரு கரண்டி எடுத்தாள். "வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். குளிர்ந்த காற்றால் வயிறு நிறையாது. அது வேதியியல்கூட இல்லை, பொது அறிவு.

கல்லூரியில் மாணவிகளுக்கு ஓர் உப்பைக் கொடுப்போம், பெயர் சொல்லாமல். அவர்கள் ஒவ்வொரு சோதனையாகச் செய்து, ஏட்டில் மூன்று பத்தியாக எழுத வேண்டும்: சோதனை, கண்டது, அறிந்தது. நான் அதையே செய்தேன். கண்டது: மேலங்கியின் கழுத்துப் பட்டையில் வெண்மையான நுண்துகள். இரண்டு விரலால் எடுத்து நாவில் வைத்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவிகளிடம் செய்யவே கூடாது என்று சொன்ன காரியம். இனிப்பு. பொடித்த சர்க்கரை. கண்டது: குளிக்கும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாடினாள். அறிந்தது: யாரோ அவளுக்கு எதையோ ஊட்டுகிறார்கள்.

யார் என்பது அடுத்த கேள்வி. குழுவில் விருதுநகர்க்காரர் ஒருவர், வேலாயுதம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பேருந்தில் எங்களுக்கு எதிர்ப்பக்க இருக்கை. இரண்டு முறை மங்கைக்குப் புதினா மிட்டாய் நீட்டியிருக்கிறார். அவர் மீசையிலும் ஒரு நாள் வெண்துகள் கண்டேன். எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் பேருந்து போய்க்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்: நீங்கள் காலையில் என் நாத்தனாரோடு எங்கே போகிறீர்கள் என்று. ரகசியமாகக் கேட்கவில்லை, ரகசியம் எனக்குப் பிடிக்காது. பேருந்தில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. "டீச்சர், நான் எட்டு மணிக்கு முன்ன கண்ணத் தொறக்க மாட்டேன். இந்தா இருக்கா, இவளயே கேளுங்க" என்றார். அவர் மனைவி எழுந்து பின்னால் ஒரு காலி இருக்கையில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் பேருந்தில் அங்கேயேதான் உட்கார்ந்தார். அது என் கேள்வியால் நேர்ந்ததல்ல; அவர்களுக்குள் ஏற்கெனவே ஏதோ இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை அறைக்கு வந்ததும் மங்கை கதவைச் சாத்தினாள். பிறகு, "எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா மதினி" என்றாள். கேட்டால் நீ உண்மை சொல்வாய் என்பதற்கு என்ன உறுதி என்றேன்.

ஆஸ்திரியாவில் மலைக்கு நடுவே ஒரு சிறிய ஊரில் மூன்று இரவு தங்கினோம். மூன்றாம் நாள் காலை அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனதும், நான் நூறு எண்ணிவிட்டுப் பின்தொடர்ந்தேன். ஈரத் தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழி தெரிந்தவளைப் போல நடந்தாள். தேவாலயத்தைத் தாண்டி, ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைந்தாள். நான் எதிரே பேருந்து நிறுத்தத்தில், கால அட்டவணையைப் படிப்பவளைப் போல நின்றேன்.

கடை முழுக்கக் கண்ணாடி. எல்லாம் தெரிந்தது. ஆண் யாரும் இல்லை. கடைக்காரப் பெண் ஒருத்தி, இவள் வயதுதான் இருக்கும். இவள் விரலால் சுட்டிக்காட்ட, அவள் எடுத்து வைத்தாள். அடுத்த மேசையில் ஒரு கிழவி, காலடியில் ஒரு நாய். மங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வட்ட ரொட்டி, வெண்ணெய், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு பெரிய கோப்பையில் காப்பி. ரொட்டியைப் பிய்த்தாள். வெண்ணெயைத் தடவினாள். ஓரம்வரை தடவினாள், வீடு மெழுகுவதுபோல. ஒரு வாய் எடுத்துவிட்டு வெளியே மலையைப் பார்த்தாள். மென்றாள். மறுபடி ஒரு வாய். இருபத்தைந்து நிமிடம் இதே காரியம். நாய் வந்து அவள் பாதத்தின்மேல் முகவாயை வைத்துக்கொண்டது. அவள் ஏதோ சொன்னாள், தமிழில்தான் சொல்லியிருப்பாள். கிழவி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். ஒரு சொல்லும் புரியாமல் இரண்டு பேர் எதற்காகச் சிரிக்க வேண்டும்?

உள்ளே போனேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. நான் கோபப்படவில்லை. கடைக்காரப் பெண்ணை அழைத்து, மாவில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு ஆங்கிலம் குறைவு. உள்ளே போய் மாவு மூட்டையின் உறையையே கொண்டுவந்துவிட்டாள். பாலாடைக்கட்டியின் உறையையும் கேட்டேன். குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். கைப்பேசியில் மொழிபெயர்த்தும் பார்த்தேன். கோதுமை, உப்பு, ஈஸ்ட், சீரகம் போன்ற ஒரு விதை. பாலாடைக்கட்டியின் நொதி நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. கன்று சம்பந்தப்படவில்லை. மாசு மருவற்ற சைவம்.

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். நான் என்னென்னவோ பயந்திருந்தேன். "இதைச் சொல்வதற்கு என்ன? முதல் நாளே சொல்லியிருந்தால் நானே பார்த்துச் சொல்லியிருப்பேனே. சாப்பிடு, தாராளமாகச் சாப்பிடலாம். நாளையிலிருந்து இருவரும் சேர்ந்தே வருவோம்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, நான் இங்க தின்னுறதுக்கு வரல. என்ன தின்னுறேன்னு யாரும் பாக்காம இருக்கதுக்கு வந்தேன்."

யார் பார்த்தார்கள்? நீங்களே சொல்லுங்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கிழவி தன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் உறையைத் திரும்பக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அதை அவளிடமும் சொன்னேன்.

அதற்குப் பின் அவள் நடைக்குப் போகவில்லை. வெனிசிலும் போகவில்லை, ரோமிலும் போகவில்லை. என் உப்புமாவை, கொடுத்த அளவு, கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறதா என்றால் நன்றாயிருக்கிறது என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டொரு விஷயம் மட்டும் பொருந்தவில்லை. அவள் வளையல் எப்போதும் மணிக்கட்டில் நிற்பது. ரோமில் ஒரு நீரூற்றின் முன் கையைத் தூக்கியபோது முழங்கைக்குச் சரிந்தது. கடலுக்கு அருகில் வந்தால் உடம்பு வற்றுமோ என்னவோ. பாட்டும் நின்றுவிட்டது.

இன்று காலை ரோம் விமான நிலையத்தில், சோதனையெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, படிவத்தை எடுத்தேன். காற்று இல்லை, படகு இல்லை, பேனாவும் ஓடுகிறது. அவள் பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். நான் அவள் பெயருக்கான கோட்டைக் காட்டினேன்.

"ரெண்டு வீடா எடுத்தா என்ன மதினி?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "பக்கத்துலயே எடுப்போம். தெனமும் வாரேன். கூப்பிட்ட நேரத்துக்கு வாரேன். ஆஸ்பத்திரின்னா நாந்தான் ஒங்க கூட இருப்பேன், வேற யாரு இருக்கா? அடுப்பு மட்டும் தனியா இருக்கட்டும்."

தனி அடுப்பு. எங்கள் குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொத்துத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள், மாமியாரோடு முகம் பார்க்காதவர்கள், அவர்கள்தான் ஒரே சுவர் சூழ்ந்த வளவுக்குள் தனி அடுப்பு மூட்டுவார்கள். நாற்பது ஆண்டில் நானும் அவளும் ஒரு நாள் சண்டை போட்டதில்லை. நான் செய்த குற்றம் என்ன என்று கேட்டேன்.

"நீங்க ஒரு குத்தமும் செய்யல. ஒங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பசிக்கவே மாட்டேங்கு மதினி. அவ்ளோதான்."

யார் இதையெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். மகனா, ஸ்டீபனா, அந்த ஸ்டேஷன் மாஸ்டரா? அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். சொல்ல விரும்பவில்லை, நான்தான் விடவில்லை.

"அண்ணனும் அப்படித்தான் மதினி. ரிட்டயர் ஆகுற வரைக்கும், இருவத்தெட்டு வருசமும், ஆபீஸ் விட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவான். ரெண்டு தோச தின்னுட்டு, வாயக் கழுவிட்டு, அப்புறந்தான் ஒங்ககிட்ட வருவான். ஒங்கமேல அவனுக்கு உசிரு. சொல்லாதேன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினான்."

என் கணவர் மிதமாக உண்பவர். எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரவில் இரண்டு இட்லிக்குமேல் தொடமாட்டார், அளவறிந்த மனிதர் என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில்கூடப் பேசினேன். இருபத்தெட்டு ஆண்டுகள். இது உண்மையாக இருக்க முடியுமா? ஓர் ஆள் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு மாலையும் வாயைக் கழுவிவிட்டு வந்திருந்தால், எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? எண்ணெய் வாசனை இருந்திருக்கும். சட்டையில் ஏதாவது இருந்திருக்கும். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. ஆகவே இவள் பொய் சொல்கிறாள். ஆனால் பொய் சொல்வதாயிருந்தால் அழுதுகொண்டே ஏன் சொன்னாள்?

அதன்பின் அவள் படிவத்தை என் மடியில் வைத்தாள். பேனாவையும் மூடி வைத்தாள். விமானத்தில் ஏறி, உங்களிடம் முழங்கால் வலி என்று சொன்னாள்.

இதோ சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன், இருவருக்கும். உங்களுக்கும் சைவமா? நல்லது. அந்த மஞ்சள் களிம்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதன் உறையில் எண்ணே போடவில்லை. எண் போடாதவன் எதையோ மறைக்கிறான். சரி, உங்கள் விருப்பம்.

எனக்குப் பசியில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்.

இங்கிருந்து அவள் தலை மட்டும்தான் தெரிகிறது. குனிந்திருக்கிறாள். குனிந்தால் சாப்பிடுகிறாள் என்று ஆகாது. தூங்கலாம். எட்டு மணிக்கு மேல் வெறும் வயிறாக இருந்தால் அவளுக்குக் கை நடுங்கும். காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. உப்புமா கிண்டுவதற்கு இன்று நேரமில்லை. அது உங்களுக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

வரிசை குறைந்துவிட்டது, பாருங்கள். நீங்கள் முன்பே எழுந்திருக்க நினைத்தீர்களே. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் காலித் தட்டை என்னுடையதன்மேல் வைத்துக்கொள்கிறேன், பலகையை மடித்துவிடுங்கள், முழங்காலை மடக்கிக்கொள்கிறேன். இப்போது போகலாம். போகும்போது ஒன்று செய்யுங்கள். அவள் வரிசையைக் கடக்கும்போது, நிற்க வேண்டாம், நின்றால் கண்டுபிடித்துவிடுவாள், தட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று மட்டும் பார்த்து வாருங்கள். பேச வேண்டாம். என் பெயரை எடுக்க வேண்டாம்.

வாருங்கள். மெல்ல, மெல்ல. என்ன?

ஒன்றுமே இல்லையா? சோறும் இல்லையா? ரொட்டியுமா? அந்த மஞ்சள் களிம்பு? அதையும் வழித்துத் தின்றுவிட்டாளா. சரியாகப் பார்த்தீர்கள் அல்லவா, வேறொருவர் தட்டாக இருக்கப்போகிறது. பக்கத்திலிருப்பவருடைய ரொட்டியையும் வாங்கித் தின்கிறாளா? அவர் கொடுத்தாரா, இவள் கேட்டாளா?

கேட்டாள். மங்கை கேட்டாள். இத்தனை ஆண்டில் என்னிடம் ஒரு நாளும் இன்னொரு கரண்டி கேட்டதில்லை.

என் காலடியில் இருக்கும் கைப்பையை எடுத்துத் தாருங்கள், படிவம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் மேசைப் பலகையைச் சற்று இறக்குங்கள், எழுத வேண்டும். என்னுடையதில் தட்டு இருக்கிறது. 'வீடுகளின் எண்ணிக்கை' என்று கேட்டிருக்கும் இடத்தில் ஒன்று என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதுகிறேன். அருகில் சுருக்கொப்பம் வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்பார்கள். போட்டாயிற்று. இரண்டு வீடு. அவள் கையெழுத்தை இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம், இதற்குப் போடுவாள். கீழே 'பிற விருப்பங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஜனவரியில் அதை வெறுமையாக விட்டிருந்தேன். இப்போது அதில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன். நீங்கள் படித்துப் பாருங்கள், எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று.

'எங்கள் இரு வீடுகளின் சமையலறை ஜன்னல்களும் ஒன்றையொன்று நோக்கி அமைந்திருக்க வேண்டும்.'

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.